பட்ஜி ஜோடிக்கு எந்த விதை நல்லது? கொடைக்கானல் குளிரில் வளர்க்கிறோம்

நாயுடுபுரம் டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இருக்கிறோம். தீபாவளிக்குத் திண்டுக்கல் போயிருந்தபோது என் அண்ணன் என் மகளுக்கு ஒரு ஜோடி பட்ஜி (பட்ஜெரிகர் என்கிற சின்ன வளர்ப்புக் கிளி) வாங்கிக் கொடுத்தார். ஒன்று பச்சை, அலகுக்கு மேலே நீலமாக இருக்கிறது. இன்னொன்று வெள்ளையும் நீலமும் கலந்தது, அலகுக்கு மேலே பழுப்பு நிறம். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கூடக் கழற்றாமல் கூண்டு முன்னால் போய் நின்றுவிடுகிறாள்.

என் குழப்பம் தீனியில்தான். கூண்டோடு கொடுத்த மிக்ஸ் பாக்கெட்டில் பாதிக்கு மேல் கறுப்புச் சூரியகாந்தி விதை. இரண்டும் அதை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதைக் கிளறிக் கீழே தள்ளின. அது தீர்ந்ததும் மூஞ்சிக்கல் பக்கம் ஒரு மளிகைக் கடையில் தினை கேட்டேன். சமையலுக்கு விற்கும் தினை அரிசியைக் கொடுத்தார்கள். சாப்பிடத்தான் செய்கின்றன. ஆனால் மழை நாளில் டப்பாவைத் திறந்தால் ஒரு மக்கல் வாடை வருகிறது. இணையத்தில் பார்த்தால் கேனரி விதைதான் முக்கியம் என்கிறார்கள், விலையைப் பார்த்தால் தயக்கமாக இருக்கிறது. இன்னொரு கடையில் சிவப்பும் பச்சையுமாகச் சாயம் போட்ட உருண்டைகள் கலந்த பாக்கெட் இருக்கிறது. என் மாமனார் கம்பு போதும் என்கிறார். பக்கத்து வீட்டில் பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) மரம் காய்த்துத் தொங்குகிறது, அந்தப் பழத்தைக் கொஞ்சம் மசித்து வைக்கலாமா என்று மகள் கேட்கிறாள்.

வெள்ளைக் குருவி காலையில் வெகுநேரம் இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. குளிரா, தீனியா என்று தெரியவில்லை. மலையில் பட்ஜி வளர்த்து அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். எந்த விதை, எங்கே வாங்குவது, எப்படிப் பார்த்து வாங்குவது?

மேல்மலை வாசி எழுதியது:

டீச்சர், நான் மன்னவனூர். எங்கள் வீட்டில் தினை மட்டும்தான் போடுகிறோம். எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன, குஞ்சும் பொரிக்கின்றன. கேனரி, கீனரி எதுவும் வாங்கியதில்லை. கேரட் தோட்டம் இருப்பதால் கேரட் தழை தினமும் போடுவோம், அவ்வளவுதான். ஆனால் நீங்கள் போடுவது தினை அரிசி, நாங்கள் போடுவது உமியோடு இருக்கும் தினை. அதை முதலில் மாற்றுங்கள்.

கீழ்மலைக் காப்பித்தோட்டம் எழுதியது:

டீச்சர், வணக்கம். நான் தாண்டிக்குடி. பள்ளிக்கூட நாளிலிருந்து பட்ஜி வளர்க்கிறேன், இப்போது என் மகனும் வளர்க்கிறான். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பட்டர் ஃப்ரூட். வேண்டவே வேண்டாம். மகளை உட்காரவைத்து இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அதில் பெர்சின் என்று ஒரு பொருள் இருக்கிறது. நமக்கு ஒன்றும் செய்யாது, பட்ஜிக்கு விஷம். இதயத்தைப் பாதித்து ஓரிரு நாளில் உயிரே போய்விடும். பழம் மட்டுமில்லை, இலையிலும் பட்டையிலும் உண்டு. எங்கள் கீழ்மலையில் காப்பிக்கு நடுவே எங்கு பார்த்தாலும் இந்த மரம்தான். கூண்டுக்குள் உட்காரக் குச்சி வெட்டுகிறவர்கள் கைக்கு எட்டிய கிளையை ஒடித்து வைத்துவிடுகிறார்கள். கொய்யாக் குச்சி வையுங்கள், இல்லை தைலமரக் குச்சி வையுங்கள். பட்ஜியும் ஆஸ்திரேலியா, தைலமரமும் ஆஸ்திரேலியா. அங்கே அந்த மரப் பொந்தில்தான் இவை கூடு கட்டுகின்றன. அதேபோல் நம் ஊர் வீட்டுச் சாக்லேட்டில் ஒரு துணுக்குக்கூடக் கொடுக்கக் கூடாது. பூண்டு, வெங்காயம், காப்பி, உப்புப் போட்ட எதுவும் கூடாது.

இப்போது விதைக்கு வருகிறேன். எந்த விதை என்பது இரண்டாவது கேள்விதான். அது உயிரோடு இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. கடையில் என்ன பெயர் எழுதி விற்றாலும், எத்தனை ரூபாய் என்றாலும், ஈரத்துணியில் போட்டு முளைத்தால் அது தீனி. முளைக்காவிட்டால் பழையது, பாலிஷ் போட்டது, அல்லது சூடு பட்டது. புது பாக்கெட் வாங்கியதும் நூறு விதை எண்ணி, ஒரு ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் மடித்து வையுங்கள். திண்டுக்கல்லில் மறுநாளே முளை தெரியும். கொடைக்கானல் குளிருக்கு இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும், அடுப்பங்கரைப் பக்கம் வைத்தால் சீக்கிரம் வரும். எண்பதுக்கு மேல் முளைத்தால் நல்ல சரக்கு. பாதிகூட முளைக்கவில்லை என்றால் அந்தக் கடையில் அடுத்த முறை வாங்காதீர்கள்.

உங்கள் தினை அரிசி பெரும்பாலும் முளைக்காது. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து எல்லா மளிகைக் கடையிலும் தினை அரிசி, சாமை அரிசி, குதிரைவாலி அரிசி அடுக்கி வைத்திருக்கிறார்கள். நாம் பொங்கலும் உப்புமாவும் செய்து சாப்பிட அது சரி. குருவிக்கு உமியோடு வேண்டும். உமி போனதும் உள்ளே இருக்கும் எண்ணெய்க்குக் காற்றுப் பட ஆரம்பிக்கிறது, சில வாரங்களில் காறல் வாடை வந்துவிடும். உமி இருக்கிறவரை விதை தன்னைத் தானே காத்துக்கொள்ளும். அப்புறம், உமியை உரிப்பது அதற்கு ஒரு வேலை. ஒவ்வொரு விதையையும் அலகில் வைத்து நாக்கால் உருட்டி, உமியை உதிர்த்து, பருப்பை மட்டும் விழுங்கும். நாள் முழுக்கக் கூண்டில் இருக்கிற உயிருக்கு அந்த வேலை தேவை.

இதில் உயிர் போகிற விஷயம் ஒன்று இருக்கிறது. உரித்த உமி கிண்ணத்திலேயே மேலாக விழுந்து கிடக்கும். பார்த்தால் கிண்ணம் நிறைய விதை இருப்பதுபோலத் தெரியும். அப்படி நம்பி விட்டுவிட்டால் குருவி பட்டினி கிடக்கும். பட்ஜிக்கு 30, 40 கிராம்தான் எடை, ஒரு நாள் முழுப் பட்டினியையே அது தாங்காது. காலையில் கிண்ணத்தை வெளியே எடுத்து ஊதுங்கள், உமி பறந்துவிடும், மிச்சம் என்ன என்று தெரியும். இந்த வேலையை மகளிடம் கொடுங்கள், ஆனால் நீங்கள் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன விதை என்று கேட்டீர்கள். தினை, பனிவரகு, சாமை, குதிரைவாலி. இந்த நான்கும்தான் அடிப்படை. எல்லாமே புல் இனத்து விதைகள். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட புல்வெளியில் பட்ஜிகள் கூட்டம் கூட்டமாகத் திரிந்து தின்பதும் புல் விதைகளைத்தான். அங்கே சூரியகாந்தி கிடையாது. கேனரி விதையும் ஒரு புல் விதைதான், புரதம் கூடுதல், நல்ல தீனி, மறுக்கவில்லை. ஆனால் உலகத்தில் அது அதிகம் விளைவது கனடாவில். அங்கிருந்து கப்பலில் வந்து, குடோனில் கிடந்து, பிறகு மலை ஏறி வருகிற விதை எவ்வளவு பழையது என்று நமக்குத் தெரியாது. கிடைத்தால் முளைக்கவைத்துப் பாருங்கள். முளைத்தால் தினையோடு கலந்து போடுங்கள். கிடைக்காவிட்டால் கவலையே வேண்டாம். பழைய கேனரியைவிடப் புதுத் தினை மேல்.

நான் கலப்பது இப்படி: பத்துக் கைப்பிடி என்றால் நான்கு தினை, மூன்று பனிவரகு, இரண்டு சாமை அல்லது குதிரைவாலி, மிச்சம் ஒரு கைப்பிடியில் கம்பும் கேழ்வரகும். உங்கள் மாமனார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கம்பும் கேழ்வரகும் இயல்பாகவே உமி இல்லாமல் வருகிற தானியங்கள் என்பதால் மளிகைக் கடையில் வாங்கும் முழுக் கம்பே முளைக்கும். தனியாகக் கம்பு மட்டும் என்றால்தான் போதாது. கேழ்வரகைச் சில குருவிகள் தொடாது. தொட்டால் நல்லது: நூறு கிராம் கேழ்வரகில் 344 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, தினையில் 31தான்.

வரகு மட்டும் நான் சேர்ப்பதில்லை. உமி கெட்டி, இந்தச் சின்ன அலகுக்குச் சிரமம். அதைவிட, அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் வரகில் ஒரு பூஞ்சை வந்து நச்சு சேரும். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்து பாந்தவ்கர் காட்டில் வரகு வயலில் மேய்ந்த பத்து யானைகள் இறந்தன. அவற்றின் உடலில் அந்தப் பூஞ்சை நச்சு இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. யானைக்கே அந்தக் கதி என்றால் முப்பது கிராம் உயிருக்கு என்ன?

அதனால்தான் உங்கள் பதிவில் எனக்குச் சூரியகாந்தியைவிட அந்த மக்கல் வாடைதான் பயத்தைக் கொடுத்தது. அந்த டப்பாவைக் கொட்டிவிடுங்கள். கழுவி, வெயிலில் காயவைத்துப் போடலாம் என்று நினைக்காதீர்கள். பூஞ்சை விடும் நச்சு கழுவினால் போகாது, வறுத்தாலும் முழுசாகப் போகாது. நம் மலையில் ஐப்பசி, கார்த்திகை முழுக்க மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகிறது. கீழே வத்தலக்குண்டில் ஆறு மாதம் தாங்குகிற தானியம் இங்கே ஒரு மாதத்தில் ஈரம் குடித்துவிடும். நிறைய வாங்கிச் சேர்க்காதீர்கள். ஒரு பட்ஜி ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு டீஸ்பூன் விதை தின்னும். சிந்துவது சிதறுவது சேர்த்து ஒரு ஜோடிக்கு மாதம் அரைக் கிலோ தாராளம். கலந்த விதையை இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் தூக்கிலோ கண்ணாடி பாட்டிலிலோ போட்டு, தரையில் வைக்காமல், அடுப்பங்கரை அலமாரியில் மேல் தட்டில் வையுங்கள். புதிதாக வாங்கியதை நாலைந்து நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் வண்டும் அந்துப்பூச்சி முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் உடனே திறக்காதீர்கள். குளிர் முழுக்கப் போன பிறகு திறந்தால்தான் உள்ளே நீர் கோக்காது. அந்து உருண்டை பக்கத்தில்கூட இருக்கக் கூடாது.

சூரியகாந்தி விதை பட்ஜிக்குப் பலகாரம், சாப்பாடு இல்லை. பருப்பில் பாதி எண்ணெய். தினையில் நூறு கிராமுக்கு நாலு கிராம் சொச்சம்தான் கொழுப்பு. கூண்டில் பறக்க இடம் இல்லாத குருவி தினமும் இதையே தின்றால் கல்லீரலில் கொழுப்புப் படியும், அலகு கண்டபடி வளரும், ஆயுசு குறையும். பேயெள் என்கிற எண்ணெய் வித்தும் அப்படியே. அதற்காக முழுக்க ஒதுக்கவும் வேண்டாம். மார்கழி, தையில் ஏரிப் பக்கம் புல்லெல்லாம் உறைபனியாக வெளுத்துக் கிடக்கும்போது உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் எண்ணெய்ச் சத்து வேண்டும். அந்த மாதங்களில் ஒரு குருவிக்கு இரண்டு மூன்று விதை, உங்கள் மகள் கையில் வைத்து நீட்டட்டும். கையில் வந்து உட்காரப் பழக்க அதைவிட நல்ல வழி இல்லை.

சாயம் போட்ட உருண்டை பாக்கெட் வேண்டாம். சாயம் குருவிக்காகப் போட்டதில்லை, வாங்குகிறவர் கண்ணுக்காகப் போட்டது.

விதையை மட்டும் போட்டு வளர்த்தால், எவ்வளவு நல்ல விதையானாலும், மூன்று குறை வரும்: வைட்டமின் ஏ, சுண்ணாம்புச் சத்து, அயோடின். மேல்மலை நண்பர் வீட்டுக் குருவிகள் தினையில் மட்டும் வாழவில்லை, அந்தக் கேரட் தழைதான் அவற்றைக் காப்பாற்றுகிறது. கேரட்டைத் துருவி வையுங்கள், தழையோடு கிடைத்தால் இன்னும் நல்லது, கொத்தமல்லி வையுங்கள். தோட்டத்தில் மருந்து அடித்திருப்பார்கள் என்பதால் நன்றாக அலசி, ஈரத்தை உதறி வையுங்கள். அயோடின் குறைந்தால் பட்ஜிக்குத் தொண்டையில் தைராய்டு வீங்கும், குரல் மாறும், மூச்சில் விசில் சத்தம் வரும். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு வைக்க வேண்டும். பறவைக் கடையில் கிடைக்கவில்லை என்றால் நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேளுங்கள், அது இதுதான். அயோடினுக்கென்று செய்த கட்டி பறவைக் கடையில் கிடைக்கும், அதையும் ஒன்று கட்டுங்கள்.

வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் முளைகட்டிய தினை கொடுங்கள். தினைப்புனத்தில் பரண் மேல் நின்று வள்ளி ஆலோலம் பாடி விரட்டியது கிளிகளைத்தானே. கிளிக் கூட்டம் தினைக்கு எப்போது வரும் என்று வயல் வைத்தவர்களைக் கேளுங்கள்: கதிர் பால் பிடிக்கும்போதே வந்துவிடும். காய்ந்து கெட்டியான விதையைவிட இளசான விதையில் அவற்றுக்கு அவ்வளவு ஆசை. பட்ஜியும் கிளி இனம்தான். பால் கதிர் நமக்குக் கிடைக்காது, அதற்கு அடுத்தது முளை. வெள்ளையாக ஒரு புள்ளி எட்டிப் பார்த்ததும் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிக் கொடுங்கள். இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். கொழகொழப்போ புளித்த வாடையோ இருந்தால் கொட்டிவிடுங்கள்.

வெள்ளைக் குருவி பற்றி. அலகுக்கு மேலே பழுப்பு என்றால் அது பெண். அதிகாலைக் குளிரில் உப்பி உட்கார்வது இயல்பு. வெயில் வந்து அறை சூடேறிய பிறகும் உப்பியபடியே, கண் பாதி மூடி, வால் மேலும் கீழும் ஆட, கூண்டின் தரையில் உட்கார்ந்தால் அது நோய். அப்போது இணையத்தில் கேட்டுக்கொண்டிருக்காமல் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள். இந்தச் சின்னப் பறவைகள் நோயைக் கடைசிவரை மறைக்கும்.

வத்தலக்குண்டு தானியக்கடை எழுதியது:

காப்பித்தோட்டம் அண்ணன் சொன்னது எல்லாம் சரி. வியாபாரப் பக்கத்திலிருந்து சில விஷயம் சேர்க்கிறேன், டீச்சர்.

கடையில் தினை என்று மட்டும் கேட்டால் இப்போது எல்லோரும் அரிசியைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். “உமியோடு இருக்கிற தினை, பறவைக்கு” என்று கேளுங்கள். கையில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். நல்ல தினை வழுவழுவென்று ஓடும், மினுமினுப்பு இருக்கும், கையில் மாவு ஒட்டாது. தூசி ஒட்டினால் வண்டு இருந்த சரக்கு. விதைகள் நூலால் கோத்ததுபோல ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக வந்தால் அந்துப்பூச்சி. மூக்குப் பக்கம் கொண்டுபோனால் வைக்கோல் வாசம் வர வேண்டும். புழுங்கல் வாடை வந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஊதிப் பார்த்தால் பதர் எவ்வளவு என்று தெரிந்துவிடும். வீட்டில் முறம் இருந்தால் ஒரு தரம் புடைத்துவிட்டுப் போடுங்கள்.

முக்கியமான ஒன்று. உமியோடு தினை வேண்டும் என்றதும் சிலர் விவசாய விதைக்கடைக்குப் போய் விதைப்புக்கு வைத்திருக்கும் தினையையோ கம்பையோ வாங்கிவிடுகிறார்கள். அது விதை நேர்த்தி செய்ததாக இருக்கும், அதாவது பூஞ்சைக்கொல்லியில் பிரட்டியது. சிவப்பு, ரோஸ், பச்சை என்று ஒரு நிறம் பூசியிருக்கும். உண்ணக் கூடாது என்று பையிலேயே அச்சடித்திருக்கும். சில்லறையாக அளந்து கொடுக்கும்போது அந்த அச்சு உங்கள் கண்ணில் படாது. அது நன்றாக முளைக்கும், ஆனால் குருவியைக் கொன்றுவிடும். ஆகவே முளைக்கிறதா என்று பார்ப்பதோடு, எதற்காக வைத்திருக்கிற சரக்கு என்றும் கேட்டு வாங்குங்கள்.

சாமையில் கொல்லிமலை, சவ்வாதுமலைச் சரக்கு எங்களிடம் வரும்போது சிலசமயம் உமியோடு ஒரு மூட்டை எடுத்து வைப்போம். பனிவரகு எப்போதும் இருக்காது, சொல்லி வைத்தால் வரும். நீங்கள் கீழே இறங்கும்போது எங்கள் கடை என்றில்லை, வத்தலக்குண்டிலோ ஒட்டன்சத்திரத்திலோ பழனியிலோ கூட்டம் அதிகமாக வரும் தானியக்கடையாகப் பாருங்கள். அங்கே மூட்டை சீக்கிரம் காலியாகும், பழைய சரக்கு தங்காது. வண்டு சாக மூட்டைக்கு மருந்து மாத்திரை வைத்துப் பிரித்தது எப்போது என்றும் கேட்கலாம், கேட்டால் எந்த வியாபாரியும் தப்பாக நினைக்க மாட்டார். அப்படி வைத்த சரக்கை ஒரு வாரமாவது காற்றாட விட்ட பிறகுதான் குருவிக்குப் போட வேண்டும்.

நாயுடுபுரம் டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மக்கல் வாடை வந்த டப்பாவை அன்றைக்கே கொட்டிவிட்டேன். பட்டர் ஃப்ரூட் விஷயத்தை மகள் பக்கத்து வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அவர்கள் வீட்டிலும் கிளிக்கு வைக்க இருந்தார்களாம்.

வத்தலக்குண்டு வழியாக வந்த உறவினர் உமியோடு தினையும் குதிரைவாலியும் வாங்கி வந்தார். மளிகைக் கடைத் தினை அரிசி டப்பாவில் கொட்டாமல் பாக்கெட்டிலேயே ஒரு கைப்பிடி மிச்சம் இருந்ததால் இரண்டையும் தனித்தனித் துணியில் போட்டு மகளை எண்ணச் சொன்னேன். மூன்றாம் நாள் உமித் தினையில் எண்பத்தெட்டு முளை. அரிசியில் ஒன்றும் இல்லை, ஊறிப் புளித்துப்போனது. அவள் அதை நோட்டில் எழுதி வகுப்பில் காட்டியிருக்கிறாள்.

வெள்ளைக் குருவியை மருத்துவரிடம் காட்டினோம். குளிர்தான், உடம்பில் கோளாறு இல்லை என்றார், எடை கொஞ்சம் கூடுதல் என்றார். இப்போது இரண்டு சந்தேகம். சூரியகாந்தியை நிறுத்தியதும் பச்சைக் குருவி புதுத் தினையைத் தொட யோசிக்கிறது. பட்டினி போட்டால் தானாகச் சாப்பிடும் என்று ஒருவர் சொன்னார், செய்யலாமா? ராத்திரிக் குளிருக்குக் கரி அடுப்புக் கணப்பை அந்த அறையில் கொஞ்ச நேரம் வைக்கலாமா?

கீழ்மலைக் காப்பித்தோட்டம் எழுதியது:

எண்பத்தெட்டு என்பது மிக நல்ல சரக்கு, டீச்சர். உங்கள் மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

பட்டினி போடாதீர்கள். யார் சொன்னாலும் வேண்டாம். பழைய மிக்ஸ் ஒரு பங்கு, புதுக் கலவை ஒரு பங்கு என்று ஆரம்பித்து, இரண்டு மூன்று வாரத்தில் பழையதைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். காலையில் முதல் கிண்ணத்தில் புதுக் கலவை மட்டும் வையுங்கள், பசியோடு இறங்கும் நேரம் அது. மதியத்துக்கு மேல் பழையதைக் கொஞ்சம் வையுங்கள். தரையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் தினையைச் சிந்தி வைத்தாலும் குனிந்து பொறுக்கும், இவை புல்வெளியில் தரையில் மேய்கிற பறவைகள்தானே. வெள்ளை தின்பதைப் பார்த்துப் பச்சையும் கற்றுக்கொள்ளும். தின்கிறதா, சும்மா கிளறுகிறதா என்பது உமியில் தெரியும்: உரித்த உமி பிளந்து லேசாக இருக்கும். எச்சத்தையும் பாருங்கள், அளவு குறைந்து கறும்பச்சையாகப் போனால் சாப்பிடவில்லை என்று அர்த்தம், உடனே பழைய தீனியைக் கூட்டுங்கள். சமையலறைத் தராசு இருந்தால் வாரம் ஒரு முறை, காலையில் தீனி வைக்கும் முன்பு, சின்ன டப்பாவில் விட்டு எடை போட்டு எழுதி வையுங்கள். மெதுவாகக் குறைந்தால் சரி. ஒரே வாரத்தில் மூன்று நாலு கிராம் குறைந்தால் மாற்றத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கரிக் கணப்பு கூடவே கூடாது. மூடிய அறையில் கரி எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடு நமக்கே ஆபத்து, நம்மைவிடச் சீக்கிரம் பறவை விழுந்துவிடும். சுரங்கத்தில் காற்றுச் சோதிக்கக் குருவி கொண்டுபோனது அதனால்தான். நான்-ஸ்டிக் சட்டி அடுப்பில் காய்ந்து புகைந்தாலும் அப்படித்தான், ஆகவே கூண்டு சமையலறையில் வேண்டாம், விதை மட்டும் அங்கே இருக்கட்டும். கூண்டை ஜன்னலிலிருந்தும் கதவு இடுக்கிலிருந்தும் தள்ளி, உள்சுவரை ஒட்டி, நெஞ்சு உயரத்தில் வையுங்கள். இருட்டியதும் மூன்று பக்கம் கம்பளியால் மூடி, முன்பக்கம் திறந்து விடுங்கள். பட்ஜிக்குக் குளிரைவிடச் சில்லென்று அடிக்கிற காற்றுதான் எதிரி. விளக்கை அணைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கிண்ணத்தில் தினை இருக்கிறதா என்று பாருங்கள், வயிறு நிறைந்த குருவி ராத்திரியைத் தாங்கும். உறைபனி விழும் நாட்களில் கலவையில் கம்பை ஒரு பங்கு கூட்டிக்கொள்ளலாம். வெள்ளைக்கு எடை கூடுதல் என்பதால் அதற்குச் சூரியகாந்தி இந்தக் குளிர்காலம் வேண்டாம்.

கடல் நுரை வாங்கிவிட்டீர்களா என்று எழுதவில்லை. வாங்கினால் உப்பு போக ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, நன்றாகக் காயவைத்துக் கம்பியில் கட்டுங்கள். மிருதுவான பக்கம் குருவியைப் பார்த்து இருக்கட்டும், ஓட்டுப் பக்கத்தை அவற்றால் கொறிக்க முடியாது.